பத்தொன்பதாவது மாடி வீடு

"மாமா, நீங்க வரைஞ்ச டவர்லயே வீடு புக் பண்ணிட்டேன்! பத்தொன்பதாவது மாடி!"

மச்சினன் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். கையில் பளபளவென்று விளம்பரப் புத்தகம். அந்தக் கட்டடத்தின் ஆர்க்கிடெக்டான அவன் அக்கா புருஷன் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"யாரைக் கேட்டு புக் பண்ணினே? கேன்சல் பண்ணு."

"என்ன மாமா, முன்னாடியே சொல்லலைன்னு கோபமா?"

"கேன்சல் பண்ணுன்னு சொல்றேன்ல!"

அவ்வளவுதான். சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள் அக்கா.

"அவன் சொந்த வீடு வாங்கினா உங்களுக்கு ஏன் வயிறு எரியுது? நாம வாடகை வீட்டுல கிடக்கிறதுக்கு அவனா பொறுப்பு?"

"நீ சும்மா இரு."

"ஏன் சும்மா இருக்கணும்? என் தம்பி கொஞ்சம் தலையெடுத்தா உங்களுக்குப் பொறுக்காது. கல்யாணம் ஆன நாள்லேருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்!"

மச்சினன் முகம் தொங்கிப்போனது. வீட்டில் அவன் மனைவிக்கு இது நிறைமாதம். பிள்ளையைப் புது வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் அவள்.

ஆர்க்கிடெக்ட் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தானாகத் தாழ்ந்தது.

"நான் வரைஞ்சப்போ ரெண்டு மூலையில ரெண்டு மாடிப்படி இருந்துச்சு. பட்ஜெட் இடிக்குது, ஒண்ணைத் தூக்குன்னார் முதலாளி. தூக்கின இடத்துல மாடிக்கு ஒரு ரூம் கூடுதலா கிடைச்சுது. அதையும் சேர்த்து வித்துட்டாங்க."

"அதான் லிஃப்ட் இருக்கே மாமா?"

"தீப்பிடிச்சா லிஃப்ட்ல ஏறுவியா? வெளிச்சுவர் முழுக்க பலகை ஒட்டியிருக்கே, பார்த்தியா? நான் எழுதிக் கொடுத்தது தீப்பிடிக்காத பலகை. இது அதுல பாதி விலை. உள்ளே பூரா பிளாஸ்டிக். கீழ ஒரு வீட்டு ஜன்னல்ல தீ எட்டிப் பார்த்தாப் போதும், சுவரோடவே உன் வீடு வரைக்கும் ஏறி வந்துடும். இறங்கி ஓட இருக்கிறது ஒரே படி. அதுவும் புகையால நிறைஞ்சிருக்கும்."

மச்சினன் கையிலிருந்த விளம்பரப் புத்தகத்தைப் புரட்டினான்.

"கீழ வரவேற்பறை அரண்மனை மாதிரி இருந்துச்சே மாமா..."

"இருக்கும். வாங்க வர்றவன் கண்ணுல படறதுல கை வைக்காதே, படாததுல குறைன்னார் முதலாளி. குறைச்சுக் கொடுத்தேன்."

மச்சினன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மூணு உயிரைக் காப்பாத்திட்டீங்க மாமா."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த மனுஷனைப் போய் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே," என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கையோடு உள்ளே போய், கேட்காமலே காபி கொண்டுவந்து வைத்தாள்.

"ஆனா மாமா, அட்வான்ஸ்? அந்த வீட்டுக்கு வேற ஆள் கிடைச்சாத்தான் திருப்பித் தருவாங்களாம்."

"அது என் பொறுப்பு. நீ நிம்மதியா போய் அவளைக் கவனி."

சொன்னால் சொன்னபடி செய்கிறவர் அவர். மறுநாள் காலையிலேயே டவரின் விற்பனை அலுவலகத்துக்குப் போய்விட்டார். அங்கே வீடு பார்க்க ஒரு இளம் ஜோடி வந்திருந்தது. அந்தப் பெண்ணின் தோளில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் கட்டடத்தை வரைஞ்சது நீங்கதானாமே சார்? சேர்த்து வெச்சதை எல்லாம் இதுல போடப் போறோம். நம்பி வாங்கலாமா?" என்று கேட்டான் கணவன்.

ஆர்க்கிடெக்ட் குழந்தையின் கன்னத்தை மெல்லத் தட்டிச் சிரித்தார்.

"தாராளமா வாங்குங்க தம்பி. என் சொந்த மச்சினனுக்குன்னு எடுத்து வெச்ச வீடு. குழந்தையோட வந்திருக்கீங்களேன்னு உங்களுக்கு விட்டுத் தர்றேன்."