மேற்கண்டது சரி

சாவி மேசைமேல் இருந்தது. அவர் தொடவில்லை.

புது வண்டி வாசலில் நின்றது. பொட்டு, மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சை எல்லாம் காலையிலேயே ஆகிவிட்டது. ஓட்டுநர் தலைக்கு நேரே ஒரு ஃபேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதற்குச் சங்கம் ஒன்பது வருடம் கத்தியிருக்கிறது.

வேலூர் வெயிலில் பார்சல் வண்டியின் தகரக் கூண்டுக்குள் ஏறி இறங்கியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். தினமும் டிப்போ குழாயடியில் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் வண்டியை எடுப்பார்கள். சத்துவாச்சாரி தாண்டுவதற்குள் காய்ந்துவிடும். பார்சல் கொடுக்கிற வீட்டில் தண்ணீர் கேட்டு மறுபடி நனைப்பார்கள். சிலர் கொடுப்பார்கள். சிலர் கதவைச் சாத்துவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை வாசலில் நின்று உரக்கப் படித்தவர் அவர்தான். கிளைச் செயலாளர் ஆயிற்றே.

'புதிய வண்டிகள் அனைத்திலும் ஃபேன் பொருத்தப்படும்.'

விசில் பறந்தது. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தார்கள்.

'புதிய' என்ற சொல் அவர் வாயிலிருந்துதான் வந்தது. அவர் காதிலேயே விழவில்லை.

அதற்குப் பிறகு நிர்வாகம் ஒரு வண்டிகூட வாங்கவில்லை. ஏன் வாங்கப் போகிறது? பழசுக்கே பெயிண்ட் அடித்தது. கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டியது. கோட்டை விட்டுவிட்டாயே பாவி என்று அவரை யாரும் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

போன மே மாதம் கூட ஓட்டுகிற அருளப்பன் வண்டிக்குள்ளேயே விழுந்தான். மதியம் இரண்டு மணி. பார்சல்களுக்கு நடுவில். தகவல் கிடைத்து ஓடிப்போய் முதலில் ஏறியவர் அவர்தான். உடம்பு சுட்டது. உயிர் இல்லை.

கழுத்துத் துண்டு அப்பளமாகக் காய்ந்திருந்தது.

அருளப்பன் ஓட்டிய வண்டிக்கு இந்த வருடம் எஃப்.சி. தகுதிச் சான்று கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் புது வண்டி வந்திருக்கிறது. மனிதன் போனதற்காக இல்லை.

புது வண்டியைப் பணிமூப்புப்படிதான் தர வேண்டும். அதுவும் சங்கம் போராடி வாங்கியதுதான். அவரும் அருளப்பனும் ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அருளப்பன் நான்கு நாள் மூத்தவன். பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. இரண்டாவது இவருடையது.

டிப்போ கிளார்க் ரெஹானா கம்ப்யூட்டரை இவர் பக்கம் திருப்பினாள்.

முதல் பெயரைத் தலைமை அலுவலகம் இன்னும் நீக்கவில்லை. முதல் ஆள் வண்டியை எடுக்காததற்குக் காரணம் போட்டால்தான் அது அடுத்த பெயருக்குப் போகும். மூன்றே காரணங்கள் இருந்தன.

விடுப்பு.

இடமாற்றம்.

வேண்டாம் என்றார்.

"செத்தவங்களுக்கு இதுல எதுவுமே இல்லண்ணா." அவள் குரல் இறங்கியிருந்தது. "மேல கேட்டேன். கடைசியா இருக்கறதப் போடுன்னுட்டாங்க."

அச்செடுத்த தாளை நீட்டினாள்.

அருளப்பன். வேண்டாம் என்றார்.

அதன் கீழே, 'மேற்கண்டது சரி'. அதன் கீழே இவர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

இந்த முறை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

கூட்டத்துக்குக் கூட்டம் ஃபேன், ஃபேன் என்று கத்தித் தொண்டை போனவன். அவனா வேண்டாம் என்றான்?

"எனக்கும் வேணாம்மா. அதையே எனக்கும் போட்டுடு."

ரெஹானா போடவில்லை. கதவுப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"முதல் ரெண்டு பேருமே வேணாம்னு போச்சுன்னா, ஆளுங்களுக்குத் தேவையில்லன்னு எழுதி அடுத்த வண்டிய நிறுத்திடுவாங்கண்ணா. அதுக்குத்தான் காத்துனு இருக்காங்க."

ஜன்னலுக்கு வெளியே குழாயடி. மற்றவர்கள் வரிசையில் நின்று துண்டை நனைத்துக்கொண்டிருந்தார்கள். நனைத்து முடித்தவர்களும் போகாமல் இவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பேனாவை வாங்கினார்.

கையெழுத்துப் போட்டார்.

யாரோ விசில் அடித்தார்கள். ஒரே ஒருவன். பாதியில் நிறுத்திவிட்டான்.

வண்டியை எடுத்தார். தெரு முனை தாண்டித்தான் ஃபேனைப் போட்டார். காற்று முகத்தில் அடித்தது. பாழாய்ப்போன காற்று, நன்றாக இருந்தது. அது அவ்வளவு நன்றாக இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

காலையில் வழக்கம்போல அவரும் துண்டை நனைத்துத்தான் போட்டிருந்தார். காட்பாடி மேம்பாலம் ஏறும்போது ஞாபகம் வந்து தொட்டுப் பார்த்தார்.

காய்ந்திருந்தது.

அப்பளமாக.

கழுத்திலிருந்து அதை எடுக்கக் கை வரவில்லை.