வெள்ளாட்டு முடிப் பூச்சி

எவர்சில்வர் பேசினில் போட்ட பூச்சி மூழ்காமல் மிதந்தது.

செல்போனைத் திருப்பி அதைக் காட்டினேன். டென்வரிலிருந்து என் பிள்ளை சாய்நாத், "சூப்பர்ப்பா" என்றான். மயிலாப்பூரில் எங்களுக்குக் காலைக் காபி. அங்கே அவனுக்கு முந்தின நாளே இன்னும் முடியவில்லை.

அங்கே மலை ஓடைகளில் அவன் ட்ரவுட் மீன் பிடிக்கிறவன். தண்ணீரின் மேல் மிதக்கும் பூச்சியைத்தான் அந்த மீன் எம்பிக் கவ்வுமாம். அதனால் கொக்கியின் மேல் முடியைக் கட்டி, பூச்சி மாதிரி செய்து மிதக்கவிட வேண்டும். கொக்கிகளை அவன் அனுப்புவான். கட்டுவது நான். அமெரிக்கா போகிறவர்கள் யாராவது அகப்பட்டால் வடகத்தோடு சேர்த்துக் கொடுத்தனுப்புவேன்.

முட்டை வாசனைக்கே ஜன்னலைச் சாத்துகிற வீட்டில் மீனுக்குப் பலகாரம் செய்கிறவன் நான் ஒருவன்தான்.

போனின் பார்வைக்கு எட்டாமல் நின்றபடி என் மனைவி விஜயலக்ஷ்மி தன் தாலியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். மருமகளைப் பற்றிக் கேள் என்று அர்த்தம். பொங்கலுக்குப் பிறகு மதுவந்தி போனில் முகம் காட்டவில்லை. இவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

கேட்கத் தைரியம் வராமல், ஆட்டைப் பற்றி ஆரம்பித்தேன்.

எல்லா முடியும் மிதந்துவிடாது. எங்கள் தெரு நாயின் வால் முடி கல் மாதிரி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பால்காரர் கபாலியின் கன்றுக்குட்டி வால் முடி மிதந்தது. ஆனால் கன்றுக்குட்டிக்கு என்னைப் பிடிக்கவில்லை. வெள்ளாட்டின் கழுத்து முடிதான் ராஜா. உள்ளே குழலாக இருக்கும், காற்றை விடாது.

அதற்காக ராயப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் என் சிநேகிதர் ஷஃபியுல்லாவிடம் போனேன். அவர் கடை வாசலில் ஒரு வெள்ளாடு கட்டியிருக்கும். என் கையில் கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, எனக்கே போட்டியா? ஆட்டுக்கு கிராப் வெட்ற கடை போட்டுட்டியா?" என்றார்.

இதுவரை நிஜம். மிச்சத்தை சாய்நாத்துக்காகச் சேர்த்துக்கொண்டேன். முடியைச் சோதிக்க ஆட்டையே மெரினாவில் இறக்கிவிட்டேன். அது மிதந்துகொண்டே திருவான்மியூர் வரை போய்விட்டது. ஷஃபியுல்லா ஆட்டோ வைத்துத் திரும்ப அழைத்துவந்தார். மீட்டருக்கு மேல் கேட்டதால் ஆடு ஆட்டோக்காரரை முறைத்தது.

சாய்நாத் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தான்.

விஜயலக்ஷ்மி தாலியை விட்டுவிட்டு என் முழங்கையைக் கிள்ளினாள்.

"மதுவந்தி எங்கேடா?"

"கடைக்குப் போயிருக்காப்பா."

போன வாரமும் கடைக்குத்தான் போயிருந்தாள். அதற்கு முந்தின வாரமும். அமெரிக்காவில் கடைகள் பெரிசு, ஒரு சுற்று சுற்றிவர மாசக்கணக்காகும் என்று விஜயலக்ஷ்மியிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தேன்.

"நீ எப்படிடா இருக்கே?"

"ஜம்முனு இருக்கேன்ப்பா. சனிக்கிழமைகூட உன் பூச்சியில ரெண்டு பெரிய மீன் மாட்டித்து. இத்தனாம் பெரிசு. கவலைப்படாதே, திருப்பித் தண்ணியிலயே விட்டுட்டேன்."

கைகளை அகட்டிக் காட்டினான். அவன் முகம் கொஞ்சம் இளைத்திருந்தது.

"எந்தப் பூச்சிடா?"

"நீ போன தடவை அனுப்பினியே, வெள்ளை முடி. அதுலதான்."

போனை வைத்ததும் விஜயலக்ஷ்மி ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

"நான்தான் வேண்டாததை எல்லாம் நெனச்சுண்டு கெடந்தேன். மீன் பிடிக்கப் போக மனசு வரதுன்னா அவா ஆத்துல எல்லாம் சரியாத்தானே இருக்கும்? என்ன சொல்றேள்?"

"சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். அந்த முணுமுணுப்பைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

நான் அடுத்த கொக்கியை எடுத்தேன்.

முடியைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. முதல் பூச்சியிலிருந்தே ஒன்று விடாமல் செய்வது. சின்ன அரத்தால் கொக்கியின் முனையை ராவுவேன், கட்டைவிரலை வைத்து அழுத்தினாலும் குத்தாதவரை. மீன் வரட்டும், கவ்வட்டும், பிடிக்கவில்லையென்றால் துப்பிவிட்டுப் போகட்டும். என் கையால் ஓர் உயிருக்கு வலிக்க வேண்டாமே என்றுதான்.

நான் கட்டிய பூச்சியில் எந்த மீனும் மாட்டியிருக்க வழியில்லை.

இந்த வீட்டில் கதை விடுகிறவனும் நான் ஒருவன்தான் என்று இருந்துவிட்டேன்.

பேசினில் அந்தப் பூச்சி இன்னும் மிதந்துகொண்டிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே போய், உடனே மேலே வந்தது.

ஒரு கொக்கியையாவது கூராக விட்டிருக்கலாம்.