புதுநன்மைத் திரி

பீடத்தில் பங்குத்தந்தை அமிர்தசாமி. பீடத்தடியில் எரியும் பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரியின் அருகே தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை சிஸ்டர் பெலிசித்தா. நடுவழியின் இரு பக்கமும் வெள்ளை உடையில், முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பிள்ளைகள். சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ராயப்பன். கடைசித் தூண் ஓரம் வியான்னி, அவன் மனைவி கோமதி. இரண்டாம் பெஞ்சில் தெரேசம்மாள். அவள் இருந்தால் ஊரே இருந்ததற்குச் சமம்.

முதல் பெஞ்சில் அவர், வியான்னியின் தகப்பனார். அவருக்குப் பக்கத்தில் நான், அவருடைய அக்கா.

தம்பிதான். ஆனாலும் பேத்தி எடுத்தவரை 'அவன்' என்று எழுதக் கூடாது.

அந்தப் பேத்தி அவருடைய இடது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி நின்றாள்.

அமலி. நான்காம் வகுப்பு. வியான்னியின் மகள்.

சிஸ்டர் பிள்ளைகளை உயரப்படிதான் நிறுத்துவார். குட்டையான பிள்ளை முதலில். முதல் பெஞ்சு யாருடையது என்பதெல்லாம் சிஸ்டருக்குக் கணக்கில்லை.

அவர் நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சிக்குக் கழுத்து பிடிச்சிக்கிட்டு போல," என்றாள் பின்னால் தெரேசம்மாள். "இடப்பக்கமே திரும்ப மாட்டேங்காரு."

யாரோ சிரித்தார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு நின்றது.

எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெரியவர் பாஸ்கா திரியிலிருந்து தம் திரியை ஏற்றி வருவார். அதிலிருந்து பிள்ளையின் திரியை ஏற்றிக் கொடுப்பார். 'இது எங்கள் வீட்டுப் பிள்ளை' என்று ஊருக்குச் சொல்வது அப்படித்தான்.

வியான்னி பதிவு அலுவலகத்தில் கோமதியைக் கட்டிக்கொண்டு வந்த அன்று, கோயில் வாசலில், ஊர் பார்க்க அவர் சொல்லியிருந்தார்.

"இவன் பெத்த பிள்ளைக்கு என் கையால திரி ஏத்த மாட்டேன்."

எங்கள் வீட்டார் சொன்னதை மாற்றிப் பேசுவதில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ராயப்பன் சன்னல்களைச் சாத்தினார். சுவிட்சுகளைத் தட்டினார். விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சித்திரை வெக்கை தலைமேல் இறங்கியது.

பெரியவர்கள் எழுந்து போனார்கள். முதல் பெஞ்சுக்காரர் முதலில் ஏற்றுவது முறை. அவர் ஏற்றினார். எரியும் திரியோடு தம் இடத்துக்குத் திரும்பினார்.

நின்றார்.

நடுவழி நெடுகச் சுடர்கள் பற்றிக்கொண்டு போயின.

அமலியின் திரி மட்டும் வெள்ளையாக இருந்தது.

அவள் அழவில்லை. திரியை நேராகப் பிடித்திருந்தாள். முதுகையும் நேராக வைத்திருந்தாள்.

அது யாருடைய முதுகு என்று எனக்குத் தெரியும்.

சிஸ்டர் பெலிசித்தா இறங்கி வந்தார். என் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. தம் திரியைச் சாய்த்து அமலியின் திரியை ஏற்றினார். திரும்பிப் போய்விட்டார்.

கடைசித் தூணில் கோமதி முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். வெக்கையாகவும் இருக்கலாம்.

பங்குச் சுவாமி திருமுழுக்கு வாக்குறுதிகளைக் கேட்கத் தொடங்கினார்.

"நம்புகிறீர்களா?"

"நம்புகிறோம்."

பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லும் அதே ராகத்தில் பிள்ளைகள் கத்தினார்கள்.

"நம்புகிறீர்களா?"

"நம்புகிறோம்."

என் பக்கத்தில் மெழுகுப் புகை மணத்தது.

அவர் கையிலிருந்த திரி அணைந்திருந்தது.

பின்னாலிருந்து தெரேசம்மாள் தன் திரியை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. பாஸ்கா திரி எதிரிலேயே எரிந்தது. அங்கேயும் போகவில்லை.

இடப்பக்கம் திரும்பினார்.

குனிந்தார்.

அமலி அண்ணாந்து பார்த்தாள்.

"அணைஞ்சிட்டு தாத்தா. இந்தாங்க."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அவள் தன் திரியைச் சாய்த்தாள். அவருடைய திரி பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதுவரை அவர் குனிந்தே இருந்தார். மெழுகு ஒரு சொட்டு அவர் விரலில் விழுந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"நம்புகிறீர்களா?" என்றார் சுவாமி.

பிள்ளைகள் சொல்லி முடித்த பிறகு, தனியாக ஒரு குரல் கேட்டது.

"நம்புகிறேன்."

பூசை முடிந்தபோது கடைசித் தூண் ஓரம் யாரும் இல்லை. வியான்னியும் கோமதியும் மூன்றாம் தூண்வரை வந்திருந்தார்கள்.

பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகளுக்கு இட்லியும் கேசரியும் பரிமாறினார்கள். அவர் அமலியின் இலைக்கு முன்னால் போய் நின்றார்.

"மிச்சத் திரிய வீட்டுப் பீடத்துல வைக்கணும். அதான் முறை."

"எங்க வீட்டுல பீடம் இல்லையே, தாத்தா."

"நம்ம வீட்டுல இருக்கு. அம்மாவக் கூட்டிட்டு வா."

வாசல்வரை போனவர் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"வழி ஒங்கப்பனுக்குத் தெரியும்."

தெரேசம்மாள் இன்றும் ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். "காத்துல்லா அணைச்சிட்டு! இல்லன்னா அந்த மனுசன் குனிவாரா?"

அது தவறு.

அவர் தம் சொல்லை மீறவில்லை. தம் கையால் அந்தப் பிள்ளைக்குத் திரி ஏற்றவில்லை.

விசிறிகள் நின்றிருந்தன. சன்னல்கள் சாத்தியிருந்தன.

காற்று இல்லை.