சீமாட்டியின் கண்

ஹாலிவுட்டில் பிரபு வேடமென்றால் ஆம்ப்ரோஸ் வெல்பிதான். தான் நிஜமாகவே இங்கிலாந்துப் பிரபு வம்சம் என்று சொல்லித்தான் அவர் வேலையே வாங்கியிருந்தார். இன்று படப்பிடிப்பில் பிரபுக்களின் நடை, பழக்கங்களைச் சரிபார்க்க லண்டனிலிருந்து சீமாட்டி ஹானோரியா வந்திருந்தாள்.

காட்சி முடிந்ததும் அவரைத் தனியே அழைத்தாள்.

“ஒயின் ஊத்தும்போது இடது கை தானா முதுகுக்குப் பின்னால போகுதே. அது பரிமாறுற வேலைக்காரங்க பழக்கம். எந்த வீட்டுல பட்லரா இருந்தீங்க?”

வெல்பி சுற்றுமுற்றும் பார்த்தார். “வெளிய சொல்லிடாதீங்கம்மா. பிழைப்பே போயிடும்.”

அதற்குள் டைரக்டர் வந்துவிட்டார். “எப்படிம்மா நம்ம ஆளு?”

“அசல் பிரபு!” என்றாள்.

டைரக்டர் நகர்ந்ததும் வெல்பி கேட்டார். “ஏம்மா என்னைக் காப்பாத்தினீங்க?”

“நான் சீமாட்டியா இருந்தா பட்லர் கையையெல்லாம் கவனிச்சிருப்பேனா? பிரபு வீட்டு அடுப்படியில பாத்திரம் கழுவினவ நான்.”