மூன்றாவது குண்டு

"மூணாவது குண்டுல அந்தப் பேரை எழுதிட்டீங்களா?" கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டார் டாமிர்.

ரான்கோவுக்கு முகமெல்லாம் பல். மேஜை விளக்கின் கீழே ஒன்றரைச் சாண் நீளத்தில் நின்றிருந்த மாதிரிப் போர் விமானத்தைக் காட்டினார். இறக்கைகளுக்கு அடியில் நான்கு குண்டுகள். மூன்றாவதில் வெள்ளைப் பெயின்ட்டில் 'ஸோர்கா' என்று எழுதியிருந்தது.

நிஜக் குண்டில் அந்தப் பெயரை எழுதியவரும் ரான்கோதான். போர் வந்த வருஷம் கட்டாயச் சேவையில் விமானங்களுக்குக் குண்டு மாட்டினார். ஸோர்கா அன்றைக்குக் காதலி, இன்றைக்கு மனைவி, ரான்கோ மாதிரி விமானங்கள் செய்து விற்கும் இந்தக் கடையின் பெயரும் அதுதான்.

குண்டில் பெயர் எழுதியது அன்று அவரோடு சேர்ந்து குண்டு மாட்டியவர்களுக்கு மட்டுமே தெரியும். அதில் இருவர் செத்துவிட்டார்கள், ஆஸ்திரேலியாவில் இருப்பவன் போனை எடுப்பதில்லை. கடைசி வாரம் வந்து சேர்ந்த புதுப் பையன்களில் ஒருவர்தான் டாமிர் என்று ரான்கோவே முடிவு கட்டியிருந்தார். முகம் ஞாபகமில்லை, கேட்கவும் கூச்சம்.

"என்னை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உங்க கடைப் பலகைய போட்டோல பார்த்தேன். அதே பேர், அதே வால் நீட்டின எழுத்து."

ரான்கோவுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷம் கழித்துத் தன் கையெழுத்தை ஒருவர் நினைவு வைத்திருக்கிறாரே.

"கழட்டி மாட்டலாம்ல?" என்றார் டாமிர்.

"அதானே நம்ம வித்தை. ஒவ்வொண்ணுலயும் கடுகத்தனை காந்தம் வச்சிருக்கேன். கிட்ட கொண்டுபோனா தானாத் தாவி ஒட்டிக்கும். அன்னைக்கு இப்படி இருந்திருந்தா நம்ம இடுப்பு ஒடிஞ்சிருக்காது."

டாமிர் சிரிக்கவில்லை. ரான்கோ உயிரைக் கொடுத்துப் பூசிய மேல்பக்கத்துப் பச்சையையும் பழுப்பையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அண்ணாந்து அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு உட்கார்ந்து நான்கு குண்டுகளையும் கழற்றி மேஜையில் போட்டார். ஒவ்வொன்றாக இறக்கைக்குக் கீழே கொண்டுபோனார். அது துள்ளி மேலே ஒட்டும்போதெல்லாம் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"கீழ விழுந்தது மேல போகுது" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மூன்றாவது மட்டும் ஒட்டாமல் விலகி ஓடியது.

ரான்கோ நாக்கைக் கடித்துக்கொண்டார். "காந்தத்தைத் தலைகீழா வச்சுத் தொலைச்சிருக்கேன். குடுங்க, மாத்திடறேன்."

"வேணாம், இருக்கட்டும். அது அன்னைக்கும் சொன்ன பேச்சு கேக்கல."

"கேட்டியா ஸோர்கா? உன்னை மாதிரியேவாம்."

காப்பியும் பிளம் சாராயமுமாக வந்த ஸோர்கா சும்மா விடவில்லை. "ஊர்ல மத்தவனெல்லாம் பூ குடுத்துக் காதலிச்சான். எனக்கு வாய்ச்சது குண்டுல பேர் எழுதுச்சு."

ரான்கோ இரண்டு கிளாஸிலும் ஊற்றினார். ஒன்றை எடுத்தவர் குடிக்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்டதான் கேக்க முடியும். முப்பது வருஷமா எனக்குச் சரியாத் தூக்கமில்ல. மாட்டுறது மட்டும்தானே நம்ம வேலை? அது எங்க போய் விழுதுன்னு நமக்கென்ன தெரியும்? ஒரே ஒரு தடவை ஆமான்னு சொல்லுங்க, போதும்."

டாமிர் தன் கிளாஸைத் தொடவில்லை. ஸோர்காவின் பக்கம் திரும்பினார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம்மா எங்க வீடு. நாலும் அங்கதான் விழுந்துச்சு."

ரான்கோ கிளாஸை மேஜையில் வைத்தார். டாமிர் மூன்றாவது குண்டை ஸோர்காவின் பக்கம் நகர்த்தினார்.

"உங்க பேர் எழுதினது மட்டும் வெடிக்கல. அதான் நான் ஒருத்தன் மிஞ்சினேன்."