நான்காவது துண்டு

“ரத்தம் உங்களோடதுதானே அக்கா?”

“பின்னே? மனுஷ ரத்தத்துக்கு வேற எங்க போய் அலையறது?”

அந்த ஆய்வகத்தில் அக்காவும் அவள் உதவியாளரும் ஒரே புரதத்தைப் பல உயிர்களில் ஒப்பிட்டார்கள். ஈஸ்டில் அதற்கு ஒரு துண்டு, மீனில் இரண்டு, மனிதரில் மூன்று. ஒவ்வொரு துண்டும் வந்து சேரக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்காவின் ரத்தத்திலும் போன மாதம்வரை மூன்றுதான். இன்று அதோடு, நான்கு துண்டுள்ள புரதமும் இருந்தது.

“குழாயை ஒழுங்காக் கழுவியிருக்க மாட்டே, சோம்பேறி.”

“திரும்பத் திரும்பப் பாத்துட்டேங்க்கா.”

நாள் தள்ளிப்போயிருப்பதை அக்கா கணவனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. ஏங்கி ஏங்கி வந்தது அது. அவள் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. குழந்தை அசைய இன்னும் மாதங்கள் இருந்தன. உள்ளேயிருந்து ஏதோ ஒன்று அந்தக் கையை மெல்லத் தட்டியது.

“மூணுன்னே எழுதிடேன், கண்ணு.”