தட்டில் விழுந்த கோடு

ஆஸ்பத்திரிக் குழாய்களில், கண்ணுக்குள் புகுந்தால் பார்வையைப் பறிக்கும் அமீபா இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. திங்கட்கிழமைதோறும் மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு குழாயின் வாயையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து வருவாள். பாக்டீரியா பூசிய கண்ணாடித் தட்டில் அந்தப் பஞ்சை ஒற்றி வைத்தால் போதும். அமீபா இருந்தால் பாக்டீரியாவைத் தின்றுகொண்டே நகரும். போன வழியெல்லாம் கோடு விழும்.

வெள்ளிக்கிழமை, கண் வார்டுத் தட்டில் ஒரே ஒரு கோடு தெரிந்தது. மைக்ராஸ்கோப்பில் அதன் பின்னாலேயே போனவளுக்குப் பழகிய தெருவில் நடப்பதுபோல் சுகமாக இருந்தது. நேரே போய் இடப்பக்கம் திரும்பி, படிக்கட்டின் மூன்று மடிப்பு இறங்கி, லேப் வாசல். திங்களன்று அவள் நடந்த வழிதான்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

பக்கத்து மேஜைக்காரர் குனிந்து பார்த்தார். "அமீபாவுக்கு ஏதும்மா வழி? கால் போன போக்குல போகும். அதுக்குக் காலும் கிடையாது."

அவள் சிரித்துவிட்டு மறுபடி பார்த்தாள். கோடு ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியது. பஸ் நிறுத்தம், மருந்துக்கடை முனை, மாடிப்படி, அவள் வீட்டு வாஷ்பேசின். கோட்டின் முனையில் அமீபா தூங்குவதுபோல் அசையாமல் கிடந்தது.

வீட்டுக்குப் போன் செய்தாள். மகள் எடுத்தாள்.

"வாஷ்பேசின் குழாயைத் தொடாத கண்ணு. அம்மா வந்துடறேன்."

"இப்பத்தாம்மா மூஞ்சி கழுவினேன். கண்ல சோப்பு போயிடுச்சு. தண்ணி வெதுவெதுன்னு அவ்வளவு இதமா இருந்துச்சும்மா, கண்ணை எடுக்கவே மனசு வரல."

அவள் மறுபடி லென்ஸில் கண்ணை வைத்தாள். கோடு அப்படியே இருந்தது. அதன் முனையில் எதுவும் இல்லை.